அறக்கட்டளைப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

வேலூர் மாவட்டத்தில் சிறிய அறக்கட்டளை ஒன்று நடத்தும் குடும்ப ஆலோசனை மையத்தின் பொருளாளர், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

எங்கள் தெருவில் ஒரு அறக்கட்டளை குடும்ப ஆலோசனை மையம் நடத்துகிறது. வீட்டுச் சண்டை, பிள்ளை பள்ளிக்கூடம் போகாதது, உதவித்தொகை மனு என்று எதற்குப் போனாலும் ஒரு பைசா வாங்குவதில்லை. அப்படியென்றால் அவர்களுக்குப் பணம் யார் தருகிறார்கள்?
– வாசகி, குடியாத்தம்

இதை அந்த மையத்திலேயே போய்க் கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள். ஊரார் பணத்தில் நடக்கிற இடம், ஊரார் கேட்டால் கணக்குச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் மையத்துக்கு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். முதலில் மாதச் சந்தா. நூறு, இருநூறு என்று மாதாமாதம் தருபவர்கள். மளிகைக்கடைக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ், லுங்கி வியாபாரம் செய்பவர், இப்படி. தொகை சின்னது, ஆனால் தவறாமல் வருகிறது. முதல் தேதி சம்பளம் போடுகிற எனக்கு எதிர்பாராத ஒரு பெரிய காசோலையைவிட இதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். அப்புறம் திதி நாள், கல்யாண நாள், பிள்ளை பாஸான நாள் என்று தருகிற தொகைகள். சர்ச்சுப் பெண்கள் சங்கத்தார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, மாதக் கடைசியில் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். அது அன்றைக்கு அடுப்பு எரியாத வீடுகளுக்கு நேராகப் போய்விடும்.

பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கமிருந்து ரமலான் மாதத்தில் முஸ்லிம்களின் கட்டாயக் கொடையான ஜகாத் வரும். சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு அது. யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மார்க்கத்தில் வரையறை இருக்கிறது. அதனால் அதற்குத் தனிப் பேரேடு வைத்திருக்கிறோம். மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் என்று தகுதியுள்ள குடும்பத்தின் கையில் சேருமே தவிர, எங்கள் வாடகைக்கோ கரண்ட் பில்லுக்கோ அதைத் தொடுவதில்லை. கொடுத்தவர் எந்த எண்ணத்தோடு கொடுத்தாரோ அந்த எண்ணம் கடைசி ரூபாய்வரை நிற்க வேண்டும். இதில் நான் கறார்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணமும் உண்டு. 2013 கம்பெனிச் சட்டப்படி, நிகர சொத்து மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நம் பக்கத்துச் சின்னத் தோல் பட்டறைகள் இந்த எல்லைக்குள் வராது, பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகள் வரும். ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் ஒரு வருடத் திட்டமாக, போட்டோ எடுக்கக்கூடிய பொருளாகத்தான் வருகிறது. பெஞ்சு, குடிநீர் இயந்திரம், கழிப்பறை. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு குடும்பத்தோடு இரண்டு வருடம் கூடவே நடக்கிற வேலைக்கு ஒரு வருடப் பணம் எப்படிப் போதும்?

நான் நன்கொடை தரும் அமைப்பின் ஆண்டறிக்கையைப் பார்த்தேன். செலவில் பாதிக்கு மேல் சம்பளம். ஏழைகளுக்குப் போக வேண்டிய பணம் ஊழியர்களுக்குப் போவது நியாயமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடி

ஐயா, அறிக்கையை வாங்கிப் படித்ததற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். குடும்ப சேவையில் பணம் எப்படி வேலை செய்கிறது என்பதே இதில்தான் இருக்கிறது.

ஒரு மதியம் எங்கள் மையத்துக்கு ஒரு பெண் வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மடியில் பீடி முறம், ஈரத்துணியில் சுற்றிய இலைக்கட்டு. உட்கார்ந்தார், சுற்ற ஆரம்பித்துவிட்டார். எங்கள் ஆலோசகர் அதைக் கீழே வையுங்கள் என்று சொல்லவில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கை நின்றால் அன்றைய கூலி குறையும். முதல் ஒரு மணி நேரம் அவர் பேசியதெல்லாம் இலை சரியில்லை, ஏஜெண்டு பீடியைக் கழித்துப் போடுகிறார், குழு லோன் கிஸ்தி வெள்ளிக்கிழமை என்பதுதான். ஆலோசகர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, “அம்மா, இடது கட்டைவிரலை ஏன் மடக்கவே மாட்டேங்கறீங்க?” என்று கேட்டார்.

அதுவரை ஓடிக்கொண்டிருந்த கை அப்போதுதான் நின்றது. வீட்டில் நடப்பதை அதற்கப்புறம்தான் சொல்ல ஆரம்பித்தார்.

பக்கத்து மேசையில் வவுச்சர் ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த விரல் கண்ணில் படவே இல்லை. பயிற்சியும் பொறுமையும் உள்ள ஒரு ஆளுக்குத்தான் அது படும். அந்த ஆளை அந்த நாற்காலியில் தினமும் உட்கார வைப்பதற்குப் பெயர்தான் சம்பளம்.

அடுத்த சில வாரங்களில் ஆலோசகர் அந்த அம்மாவோடு அரசு மருத்துவமனைக்குப் போனார். 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி மாவட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் போனார். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி கேட்டு மனு கொடுத்தார்கள். (பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987 சட்டத்தில் இருக்கிறது. பலருக்கு இது தெரியாமலே போகிறது.) கணவரின் அண்ணனையும் அம்மாவையும் வைத்து வீட்டிலேயே இரண்டு பக்கமும் பேசினார்கள். இத்தனைக்கும் என் பேரேட்டில் என்ன பதிவாகியிருக்கிறது? ஆலோசகர் சம்பளம், பஸ் கட்டணம், ஜெராக்ஸ், டீ. “பயனாளிக்கு வழங்கிய உதவி” என்ற தலைப்பில் ஒரு ரூபாய்கூட இல்லை.

சேலை கொடுத்தால் அது சேவை, சேலையைக் கொடுக்கிற இடத்தில் ஒரு பெண்ணின் அடிபட்ட விரலைப் பார்க்கிற ஆளுக்குக் கூலி கொடுத்தால் அது நிர்வாகச் செலவு என்கிற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம். இந்த எண்ணத்தால் நல்ல ஆலோசகர்கள் இரண்டு வருடத்தில் வேலையை விட்டுப் போகிறார்கள், அவர்களை நம்பி மனசு திறந்த குடும்பங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

சட்டம்கூட இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம்தான் உச்சவரம்பு. 2020-க்கு முன்னால் அது 50 சதவீதம். ஆனால் மருத்துவமனையின் டாக்டர் சம்பளம், பள்ளியின் ஆசிரியர் சம்பளம் போல, சேவையை நேரடியாகச் செய்பவரின் சம்பளம் அந்த நிர்வாகச் செலவில் சேராது. நீங்கள் ஆசிரியராக இருந்தவர், இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்காக எல்லாச் சம்பளத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் வேண்டாம். யாருடைய சம்பளம் என்று கேளுங்கள். ஆலோசகர், களப்பணியாளர், பாலர் மைய ஆயா என்றால் சரி. அறங்காவலரின் மைத்துனருக்கு “கன்சல்டன்சி”, மகன் பெயரில் இருக்கும் வண்டிக்கு வாடகை என்றால் கட்டாயம் விளக்கம் கேளுங்கள். அறங்காவலரும் உறவினரும் அளவுக்கு மீறிப் பலன் அடைந்தால் அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்கு கிடைக்காது.

என் தாயார் நினைவாக ஒரு பெரிய தொகை தர விரும்புகிறேன். மையத்துக்குக் கட்டடம் கட்டி அம்மா பெயர் வைத்தால் போதும். எங்கள் ஊர் அறக்கட்டளை தயங்குகிறது. ஏன்?
– வாசகர், ஆற்காடு

அம்மாவுக்காகச் செய்வது பெரிய விஷயம். கட்டடத்துக்குத் தந்ததை யாரும் குறைத்துப் பேச முடியாது. வேலூரில் அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் சின்ன அளவில் வைத்தியம் பார்க்கத் தொடங்கி, 1902-ல் முதல் மருத்துவமனையைத் திறந்தார். அந்தக் கட்டடம், அமெரிக்க வங்கியாளர் ஷெல் என்பவர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாகத் தந்த பத்தாயிரம் டாலரில் வந்தது. அந்த மருத்துவமனைக்கு மனைவியின் பெயரைத்தான் வைத்தார்கள். ஆனால் அதே அம்மையார் குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தாரே, அதற்குப் பெயர்ப்பலகை மாட்டச் சுவர் கிடையாது. இன்றைக்கு அவர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையின் கிராமப் பணிகளைப் பார்க்கிறோம். கே.வி. குப்பத்தில் 1977-ல் தொடங்கிய ரூசா கிராம சுகாதார மையமும் அதில் ஒன்று. அவற்றைப் பார்க்கும்போது எனக்கு அந்த மரத்தடிதான் நினைவுக்கு வரும்.

உங்கள் ஊர் அறக்கட்டளையின் தயக்கம் எனக்குப் புரிகிறது. கட்டடம் வந்தால் வரி, மின்சாரம், வாட்ச்மேன், வெள்ளையடிப்பு எல்லாம் வருடா வருடம் கூடவே வரும். அதற்குப் பணம் தர ஆள் இருக்காது. ஒன்று செய்யலாம். அந்தத் தொகையை மூலநிதியாக வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். முதலைத் தொடாமல், வட்டியில் ஒரு ஆலோசகர் சம்பளத்தின் ஒரு பங்கை உங்கள் அம்மா பெயரில் வருடா வருடம் கொடுக்கட்டும். இதற்குக் கட்டாயம் எழுத்தில் ஒரு கடிதம் வேண்டும். அறக்கட்டளைகள் வருட வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருடமே நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று வரிச் சட்டம் சொல்கிறது. மூலநிதிக்கு என்று குறிப்பிட்டுத் தரும் தொகையை அதற்கான விதிப்படி தனியாக முதலீடு செய்து வைக்கலாம். வாயால் சொன்னது ஆடிட்டருக்குக் கேட்காது.

கணவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் இருந்து ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கிறேன், வேலை வந்தால் கூலி, இல்லையென்றால் இல்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அறக்கட்டளை மாதாமாதம் பணம் தருமா? பெயர் போட வேண்டாம்.
– வாசகி, ஆம்பூர்

அம்மா, சின்ன அறக்கட்டளையால் மாதாமாதம் தருவது கஷ்டம். தந்தாலும் சில மாதங்களில் நின்றுவிடும். ஆனால் அரசிடமிருந்து உங்கள் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதை வாங்கித் தருவதுதான் ஒரு நல்ல மையம் உங்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.

மிஷன் வாத்சல்யா என்ற திட்டத்தில், தந்தையை இழந்து தாயோடு இருக்கும் பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. 18 வயதுவரை தரலாம், இடையிடையே பரிசீலிப்பார்கள். குடும்ப வருமானம் கிராமத்தில் வருடம் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். கவனியுங்கள், 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. பழக்கத்தில் வேலூர் கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறிவிடாதீர்கள். அங்கே போய்த் திரும்பி வந்தால் ஒரு நாள் கூலி வீண். கணவரின் இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, பள்ளியில் படிப்புச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாம் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதரவற்ற விதவை உதவித்தொகை மாதம் 1200 ரூபாய்க்கும் தகுதி இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். முன்பு பீடி சுற்றி அடையாள அட்டை எடுத்திருந்தால் அதையும் தேடி வையுங்கள், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை இருக்கிறது.

உங்கள் ஊர் அறக்கட்டளையிடம் இப்படிக் கேளுங்கள்: இ-சேவைக் கட்டணம், பஸ் செலவு, கூட வர ஒரு ஆள், மனு பாஸாகும்வரை பள்ளிச் செலவு. இதைத் தர மறுக்கிற மையம் எனக்குத் தெரிந்து இல்லை. எங்கள் கணக்கிலேயே “இடைக்கால உதவி” என்று தனித் தலைப்பு இருக்கிறது, சந்தாப் பணத்தில் ஒரு பகுதி அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். பிள்ளைகளை வேலைக்கு அனுப்ப வேண்டாம் அம்மா. ரொம்ப நெருக்கடி என்றால் 1098-க்கு போன் செய்யுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

போன மாதம் ஒரு அறக்கட்டளைக்கு 5000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். நன்கொடைக்கு வருமான வரியில் தரும் 80ஜி கழிவு கிடைக்குமா?
– வாசகர், வாலாஜாபேட்டை

கிடைக்காது. ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி கழிவு இல்லை. இனி வங்கி வழியாகவோ யு.பி.ஐ.யிலோ அனுப்புங்கள். பான் எண்ணும் கொடுங்கள். அறக்கட்டளை உங்கள் பெயரில் வரித்துறைக்குக் கணக்குக் காட்டி, அதிலிருந்து வருகிற சான்றிதழைத் தர வேண்டும், வெறும் ரசீது போதாது. பொதுவாக, கொடுத்ததில் பாதி வரிக்கு உட்பட்ட வருமானத்திலிருந்து கழியும். புதிய வரி முறையில் இருந்தால் இந்தக் கழிவே கிடையாது.

அணைக்கட்டு பக்கம் எங்கள் சொந்த ஊர். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் அங்குள்ள பாலர் மையத்துக்கு மாதம் 100 டாலர் அனுப்ப ஆசைப்படுகிறார். அறக்கட்டளை வாங்க மறுக்கிறது.
– வாசகர், சென்னை

அண்ணனிடம் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று பாருங்கள், தம்பி. இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு அறக்கட்டளை மூன்று வருடம் நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சமாவது பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளைக் கணக்கில்தான் வந்து இறங்கலாம். பெரிய அமைப்பு வாங்கி உங்கள் ஊர் மையத்துக்குப் பிரித்துத் தரலாமே என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் கூடாது. இந்தத் திருத்தத்தால் நிறையச் சின்ன மையங்கள் கைவிடப்பட்டன என்பது என் கருத்து.

ஆகவே உங்கள் அறக்கட்டளை மறுப்பது நேர்மையான காரியம், கோபப்படாதீர்கள். அண்ணனுக்கு பதிலாக நீங்கள் சென்னையிலிருந்து உங்கள் சம்பாத்தியத்தில் முடிந்ததை மாதாமாதம் அனுப்புங்கள். அவர் பணத்தை உங்கள் பெயரில் சுற்றி அனுப்பும் வேலை மட்டும் வேண்டாம்.

மகள் பிறந்த நாளுக்கு மையத்துப் பிள்ளைகளுக்குப் பிரியாணி போடலாம் என்றிருக்கிறோம்.
– வாசகி, ராணிப்பேட்டை

போடுங்கள், பிள்ளைகள் சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். ஒரு வாரம் முன்னால் சொல்லிவிட்டால் அன்றைக்குச் சமையல் வேண்டாம் என்று வைத்துவிடுவார்கள். முடிந்தால் அதோடு களப்பணியாளர் ஒருவருக்கு ஒரு மாத பஸ் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் வீடு வீடாக நடக்கிறவர்கள் அவர்கள்.

நாங்கள் நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து குடும்பங்களுக்கு உதவ ஒரு அறக்கட்டளை தொடங்கலாம் என்று இருக்கிறோம். என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், பேரணாம்பட்டு

அறக்கட்டளைப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு, பான் கார்டு, வங்கிக் கணக்கு, வரி விலக்குப் பதிவு, 80ஜி, வருடா வருடம் தணிக்கை. இவ்வளவுதான். பத்திரம் ஒரு நாளில் பதிவாகிவிடும், அதில் கஷ்டம் இல்லை. அதற்கு முன்னால் உங்கள் ஊரில் ஏற்கெனவே நடக்கிற மையத்தில் ஒரு வருடம் போய் வேலை செய்யுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. மனு எழுதுங்கள், முதியவர்களை வங்கிக்குக் கூட்டிப் போங்கள், வவுச்சர் ஒட்டுங்கள். ஐந்து பேரும் மாதம் இருநூறு சந்தா கட்டுங்கள். வருடம் முடிந்தும் தனியாகத் தொடங்க வேண்டும் என்று தோன்றினால், முதல் ஆலோசகரின் ஒரு வருடச் சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டுப் பத்திரம் எழுதுங்கள். அப்போது எனக்கு எழுதுங்கள், கணக்குப் புத்தகம் எப்படிப் போடுவது என்று நானே வந்து சொல்லித் தருகிறேன்.